ஓட்டுக்கணவாய்க்கு எத்தனை மார்க்?

முதலாமாண்டு விலங்கியல் பிராக்டிகல் தேர்வு. ஸ்பாட்டர் வரிசையில் மூணாவது பாட்டிலில் ஒரு செபியா, ஃபார்மலினில் பல வருஷம் ஊறி வெளுத்துப்போனது. திருப்பாலைக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கிற ஒரு மாணவி அதற்கு இப்படி எழுதியிருந்தாள்: ‘ஓட்டுக்கணவாய். உள்ளே ஓடு இருக்கும். ஊசிக்கணவாய்க்கு ஓடு கிடையாது, கண்ணாடி மாதிரி ஒரு தகடுதான் இருக்கும்.’ தொகுதி, வகுப்பு எதுவும் இல்லை. படம் சுமார். நாலு மார்க்குக்கு நான் ஒன்று போட்டேன்.

அடுத்த பேப்பரில் எல்லாம் ஒழுங்கு. செபியா, தொகுதி மொலஸ்கா, வகுப்பு செஃபலோபோடா, ரெக்கார்டில் இருக்கிற அதே படம், மூன்று குறிப்புகள். நாலுக்கு நாலு. தேர்வு முடிந்தபிறகு அந்தப் பையனிடம் சும்மா கேட்டேன், எப்படிடா கண்டுபிடிச்ச என்று. “அது பச்சை மூடி சார், பக்கத்துல ஒரு கீறல் இருக்கும்.”

இது நடந்து சில வருஷம் ஆகிறது. நான் போட்ட மார்க் விதிப்படி சரிதான், யாரும் கேள்வி கேட்க முடியாது. ஆனா அந்த ஒன்றும் நாலும் எதை அளந்தன என்ற கேள்வி என்னை விடவே இல்லை. அதனால நம்ம பக்கத்துக் கல்லூரிகளில் ஒரு உயிரியல் மார்க் எப்படி உருவாகிறது என்பதை ஒரு தடவை முழுசா எழுதிப் பார்க்கிறேன்.

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு அடிப்படை தெரிந்ததுதான். ஒரு தியரி பேப்பருக்கு நூறு மார்க். அதில் 25 இன்டர்னல், 75 எக்ஸ்டர்னல். இன்டர்னலுக்குள் வகுப்புத் தேர்வு, அசைன்மெண்ட், செமினார், வருகைப்பதிவு எல்லாம் அடக்கம். எக்ஸ்டர்னல் வினாத்தாள் பல இடங்களில் ஒரே அச்சுதான்: இரண்டு மார்க் கேள்வி பத்து, ஐந்து மார்க் ஐந்து, பத்து மார்க் மூன்று. 20, 25, 30. கூட்டினால் 75. வாங்கிய மார்க்கை எழுத்தாக மாற்றி, எழுத்துக்குப் பத்துக்குள் ஒரு புள்ளி கொடுத்து, அந்தப் பேப்பரின் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி மொத்த கிரெடிட்டால் வகுத்தால் சிஜிபிஏ. ‘ஓ’ என்றால் 10, ‘எஃப்’ என்றால் 0. யுஜிசி கொடுத்த பத்துப் புள்ளி அளவுகோல் இது.

கவனிக்க வேண்டியது பாஸ் விதி. பெரும்பாலான இடங்களில் மொத்தத்தில் 40 எடுத்தால் மட்டும் போதாது, எக்ஸ்டர்னலில் தனியாக 75-க்கு 30 எடுக்கணும். இன்டர்னலுக்குப் பெரும்பாலும் அப்படிக் குறைந்தபட்சம் கிடையாது. இப்போது இரண்டு பேரை எடுத்துக்குவோம். ஒருத்தி இன்டர்னல் 23, எக்ஸ்டர்னல் 29, மொத்தம் 52. இன்னொருவன் இன்டர்னல் 10, எக்ஸ்டர்னல் 30, மொத்தம் 40. முதலாமவளுக்கு அரியர். இரண்டாமவன் பாஸ்.

இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகளே நம்ப மாட்டார்கள். வாத்தியார்களுக்கும் இது மனசில் படிவதில்லை. “பாவம், கடலோரத்துல இருந்து வர்ற புள்ள, இன்டர்னல்ல ரெண்டு மார்க் கூடப் போட்டுவிடுவோம்” என்று நாங்கள் போடுகிற அந்த இரண்டு மார்க், அந்தப் பிள்ளை 29-இல் நின்றால் ஒரு பைசாவுக்கு உதவாது. 30-ஐத் தாண்டியவர்களுக்குத்தான் அது லாபம், அதாவது எப்படியும் பாஸாகப் போகிறவர்களுக்கு. தாராளம் காட்டுவதாக நினைத்துக்கொண்டு, தேவைப்படாதவர்களுக்குத்தான் காட்டுகிறோம்.

இன்னொரு விஷயம் இதைவிட நுட்பமானது. 25-க்கு 75 என்றால் இன்டர்னலின் எடை கால்வாசி என்று நாம் நினைக்கிறோம். அப்படியில்லை. ஒரு பகுதியின் உண்மையான எடையைத் தீர்மானிப்பது அதன் உச்ச மார்க் அல்ல, மாணவர்களுக்கு இடையே அது எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதுதான். ஒரு கணக்குக்கு, வகுப்பில் எல்லோருக்கும் இன்டர்னல் 20-இலிருந்து 24-க்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்டர்னல் 15-இலிருந்து 65 வரை. முதல்வனுக்கும் கடைசியானவனுக்கும் இன்டர்னலில் வித்தியாசம் 4, எக்ஸ்டர்னலில் 50. யார் முன்னே, யார் பின்னே என்பதை முழுக்க முழுக்க மூன்று மணி நேரப் பரீட்சைதான் முடிவு செய்கிறது. ஒரு செமஸ்டர் முழுக்க எழுதிய அசைன்மெண்ட், நின்று பேசிய செமினார், எல்லாம் சேர்ந்து அந்த 4-க்குள் அடைபட்டுவிடுகிறது. எல்லோருக்கும் 22 போடுவதும் யாருக்கும் எதுவும் போடாததும் தரவரிசையைப் பொறுத்தவரை ஒன்றுதான்.

ஏன் எல்லோருக்கும் 20-க்கு மேலே போடுகிறோம் என்றால், காரணம் ஒன்றும் மர்மமில்லை. அறுபது அசைன்மெண்டை உண்மையாகப் படித்துத் திருத்த நேரம் கிடையாது. படித்தாலும் அறுபதும் ஒரே நோட்டிலிருந்து வந்திருக்கும். பக்கத்துக் கல்லூரி 23 போடும்போது நாம் 15 போட்டால் நம்ம பிள்ளைக்குத்தான் நஷ்டம். எல்லாமே நியாயமான காரணம். முடிவு மட்டும்தான் நியாயமில்லை.

அதே சமயம் இன்டர்னலை ஒழித்துவிட்டுப் பரீட்சையையே நம்பலாம் என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பேப்பர் திருத்துவது தராசு மாதிரி என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. 1912-இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே ஆங்கில விடைத்தாளைப் பிரதி எடுத்து 142 ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். நூறுக்கு 64 முதல் 98 வரை போட்டிருந்தார்கள். இன்னொரு தாளுக்கு 50 முதல் 97 வரை. தாள் ஒன்றுதான், கை மட்டும் வேறு. நூறு வருஷம் தாண்டியும் நாம் 29-க்கும் 30-க்கும் நடுவே ஒரு கோடு போட்டு, அதற்கு இந்தப் பக்கம் தோல்வி, அந்தப் பக்கம் வெற்றி என்கிறோம்.

சரி, கணவாய்க்கு வருவோம்.

ஸ்பாட்டரில் முதல் மார்க் அடையாளம் காண்பதற்கு. அடையாளம் காண்பது என்றால் என்ன? என் மாணவி எழுதிய பெயரைப் பாருங்கள். ‘கணவாய்’ ஒரு பெரிய குழு. அதற்குள் ‘ஓட்டு’, ‘ஊசி’ என்று பிரிவு. இரண்டு சொல்லில் ஒரு பெயர்: ஒன்று இனக்கூட்டம், ஒன்று அதற்குள் இருக்கிற வகை. 1758-இல் வந்த லின்னேயஸின் பத்தாம் பதிப்பிலிருந்து விலங்கியல் பெயரிடுவதும் இதே அமைப்புதான். அதிலும் ‘ஓட்டு’ என்பது வெறும் அடைமொழி இல்லை, பாடநூல் சொல்கிற அதே வேறுபடுத்தும் பண்பு. செபியாவுக்கு உள்ளே சுண்ணாம்பு ஓடு, லொலிகோவுக்கு மெல்லிய ஒளி ஊடுருவும் தகடு. நண்டிலும் அப்படியே. முதுகில் மூன்று புள்ளி இருந்தால் முக்கண்ணு நண்டு, சிலுவைக் குறி இருந்தால் சிலுவை நண்டு. அவற்றின் அறிவியல் பெயரைவிட இந்தப் பெயர்கள் கையில் எடுத்தவுடன் உதவும்.

பறவையியலில் இதற்குப் புகழ்பெற்ற ஒரு சாட்சி உண்டு. எர்ன்ஸ்ட் மேயர் 1928-இல் நியூகினியின் அர்ஃபாக் மலையில் பறவைகளைச் சேகரித்தார். அருங்காட்சியக முறைப்படி அவர் பிரித்தது 137 இனம். அந்த மலைவாசிகளிடம் அவற்றுக்கு இருந்தது 136 பெயர். ஒரே ஒரு ஜோடியைத்தான் அவர்கள் பிரிக்கவில்லை.

இதை வைத்து ஊர்ப்பெயரே போதும், லத்தீன் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஊர்ப்பெயர் தடுமாறுகிற இடங்களும் உண்டு. ‘காரல்’ என்ற ஒரே பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒரே மீனுக்குக் குஞ்சில் ஒரு பெயர், வளர்ந்தபின் ஒரு பெயர் இருக்கும். கணவாயை எல்லோரும் மீன் கணக்கில்தான் சேர்க்கிறோம். அது சிப்பிக்கும் நத்தைக்கும் சொந்தக்காரன் என்பதை எந்தக் கரையிலும் யாரும் பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது, அதற்குத்தான் கல்லூரி. மொலஸ்கா என்ற சொல்லுக்கு மார்க் கொடுப்பது சரி. கணவாய் தெரிந்ததற்கு மார்க் இல்லை என்பதுதான் இடிக்கிறது. இதில் ஒரு வேடிக்கை, நம்ம கடலில் அதிகம் கிடைக்கிற ஊசிக்கணவாயை இப்போது லொலிகோ பேரினத்திலிருந்து எடுத்து யூரோடியூதிஸில் வைத்துவிட்டார்கள். எங்கள் பாட்டிலில் இன்னும் லொலிகோதான். ஊசிக்கணவாய் ஊசிக்கணவாயாகவே இருக்கிறது.

பாட்டிலுக்கு இன்னொரு குறை. ஃபார்மலின் நிறத்தை எடுத்துவிடும். நீல நண்டில் ஆண் நீலம், பெண் பழுப்பும் பச்சையும் கலந்தது. கரையில் வளர்ந்த பிள்ளைக்கு எட்டடி தூரத்திலேயே தெரியும். பாட்டிலுக்குள் இரண்டும் வெந்த சோற்று நிறம். கடலைத் தெரிந்தவள் பாட்டிலைப் பார்த்துத் தடுமாறுகிறாள், பாட்டிலை மட்டும் தெரிந்தவன் மூடியைப் பார்த்துப் பாஸாகிறான். ரெக்கார்ட் நோட்டும் அப்படித்தான். சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ஜூனியர் வரைந்து, அதைப் பார்த்து அடுத்தவன் வரைந்து, இறாலுக்கு ஒரு ஜோடி கால் நடுவில் எங்கேயோ உதிர்ந்துபோயிருக்கும்.

இத்தனைக்கும் இது விலங்கியலுக்கு வறண்ட பிரதேசம் இல்லை. திருப்பாலைக்குடி தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே, பாக் விரிகுடாவின் ஆழமில்லாத கரையில் இருக்கிறது. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறையே இருக்கிறது. தெற்கே மண்டபம் பக்கம் போனால் குருசடைத் தீவு. அதன் கரையோர உயிரினங்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927-இல் தனி வெளியீடே கொண்டுவந்தது. முதுகெலும்பிகளுக்கும் மற்றவைக்கும் நடுவே வைத்துப் பாடநூல்கள் பேசுகிற பெலனோகுளோசஸைப் பார்க்க எங்கெங்கிருந்தோ கல்லூரி வண்டிகள் அங்கே வந்தன. 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1971-இல் கொச்சிக்கு மாறும் முன்பு மண்டபத்தில்தான் இருந்தது. வெளியூர்ப் பிள்ளைகள் டூர் போட்டு வந்து பார்க்கிற கடல். உள்ளூர்ப் பிள்ளைகள் பச்சை மூடியை மனப்பாடம் பண்ணுகிறார்கள்.

“அப்படின்னா பிள்ளைகளையே கரையிலிருந்து மாதிரி கொண்டுவரச் சொல்லிட வேண்டியதுதானே?” என்று ஒரு நண்பர் கேட்டார். பழைய நாளில் அப்படித்தான் செய்தார்கள், சேகரித்து ஒட்டிய ஆல்பத்துக்கே தனி மார்க் உண்டு. இன்று யோசிக்காமல் அப்படிச் சொல்லக்கூடாது. கடல் அட்டையும் கடல் குதிரையும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. வலையில் தானாகச் சிக்கி வருகிற பொருள்தான், பிள்ளைக்கு எளிதாகக் கிடைக்கும், சாருக்கு சந்தோஷமாக இருக்கட்டும் என்று ஒரு டப்பாவில் போட்டு பஸ்ஸில் எடுத்து வந்துவிடும். வழியில் சோதனையில் மாட்டினால் வழக்கு அந்தப் பிள்ளைமீதும் அப்பாமீதும். அசைன்மெண்ட் கொடுத்த நான் வகுப்பில் உட்கார்ந்திருப்பேன். அதனால் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: எதையும் கொண்டுவர வேண்டாம், பார்த்து எழுதிக்கொண்டு வா.

அறுத்துப் பார்ப்பதும் போய்விட்டது. விலங்கியல் படிப்பில் அதைப் படிப்படியாகக் குறைக்க 2011-இல் யுஜிசி வழிகாட்டுதல் கொடுத்தது, 2014-இல் நிறுத்தவே சொல்லிவிட்டது. நல்ல முடிவு என்றுதான் நினைக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் ஒரே கரப்பானின் ஒரே நரம்பை எல்லோரும் அறுத்துப் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. ஆனால் காலியான அந்த இடத்தை நாங்கள் பெரும்பாலும் சார்ட்டையும் வீடியோவையும் வைத்து நிரப்பினோம். கடையில் வாங்குகிற இறாலின் பத்தொன்பது ஜோடி உறுப்புகளைப் பிரித்து வரிசையாக ஒட்டுவது மட்டும் சில இடங்களில் தப்பிப் பிழைத்தது. என் அனுபவத்தில் பிள்ளைகள் உண்மையாகக் குனிந்து பார்க்கிற ஒரே பிராக்டிகல் அதுதான். வீட்டில் இறால் உரித்துப் பழகிய கை அதில் முந்திக்கொள்ளும்.

போன வருஷம் இன்டர்னலில் அசைன்மெண்ட் பகுதியை மட்டும் எடுத்து ஒரு முயற்சி செய்தேன். விதியை மீறவில்லை, அசைன்மெண்ட் என்னவாக இருக்கணும் என்று எந்த விதியும் சொல்வதில்லை. ஆளுக்குப் பத்து நண்டு. நண்டு வலை கரைக்கு வரும்போதோ, சந்தையிலோ, வீட்டுச் சட்டியில் விழும் முன்போ, எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் நாலு விஷயம் எழுதணும்: பெயர், ஓட்டின் அகலம் மில்லிமீட்டரில், ஆணா பெண்ணா, முட்டை இருந்தால் அதன் நிறம். அகலம் என்றால் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய முள்ளின் நுனியிலிருந்து நுனிவரை. ஆண் பெண் தெரிய வயிற்றுப்பக்கம் மடிந்திருக்கும் மூடியைப் பார்க்கணும். ஆணுக்கு ஒடுக்கமாக, தலைகீழ் ‘டி’ மாதிரி. வளர்ந்த பெண்ணுக்கு அகலமாக, அரைவட்டமாக. முட்டை முதலில் மஞ்சளும் ஆரஞ்சும், பிறகு பழுப்பு, பொரியப் போகும்போது கறுப்பு. உள்ளே குஞ்சின் கண்ணும் நிறமியும் வளர வளரத்தான் அந்த நிறமாற்றம். இது பாடநூலில் ஒரு வரி. கரையில் ஒரு வாரம் பார்த்தால் கண்ணெதிரே நடப்பது.

மார்க் பத்து. பெயருக்கு இரண்டு: ஊர்ப்பெயருக்கு ஒன்று, போர்ட்டுனஸ் பெலாஜிகஸுக்கு ஒன்று. எந்த அடையாளத்தை வைத்து அந்தப் பெயரைச் சொன்னாய் என்பதற்கு மூன்று. அளவுக்கு மூன்று. இந்தப் பத்தைப் பார்த்ததில் உனக்கு வந்த ஒரு கேள்விக்கு இரண்டு. இந்தப் பிரிவை முதல் நாளே போர்டில் எழுதிப் போட்டேன். எதற்கு மார்க் என்று தெரியாமல் எழுதச் சொல்வது ஊர் பெயர் சொல்லாமல் பஸ் ஏற்றிவிடுகிற மாதிரி.

எல்லாம் நன்றாக நடந்தது என்று எழுத ஆசைதான். வெளியூர்ப் பிள்ளைகள் சிலர் நண்டையே பார்க்காமல் எண்களை எழுதிக் கொடுத்தார்கள். கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. அகலத்தின் கடைசி இலக்கத்தைப் பார்த்தால் போதும். உண்மையாக மில்லிமீட்டரில் அளந்தால் 0 முதல் 9 வரை எல்லா இலக்கமும் கலந்து வரும். இட்டுக்கட்டியவர்களுக்கு 120, 125, 110, 115 என்றே வரும், அல்லது 0-வும் 5-உம் ஜாக்கிரதையாக ஒன்றுகூட இல்லாமல் வரும். ஆனால் அளந்தவனே ஸ்கேலைப் பார்த்து 5-க்குத் தள்ளி எழுதுவதும் உண்டு, அதனால் இதை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளி ஆக்கவில்லை. கூப்பிட்டு, அந்த ஆறாவது நண்டைப் பற்றிச் சொல்லு என்று கேட்டேன். பார்த்தவன் பேசினான், பார்க்காதவன் சிரித்தான்.

இன்னொரு சிக்கலை நான் எதிர்பார்க்கவில்லை. நண்டு கரைக்கு வந்ததும் ஏஜென்டின் எடைக்குப் போய்விடும். ஒரு பையனை அங்கே ஸ்கேலோடு அண்ட விடவில்லை, “தம்பி, கால் ஒடிஞ்சா வெல போயிரும், நீயா தருவ?” என்று விரட்டிவிட்டார்கள். நியாயமான கேள்வி. அவனுக்கு அடுத்த வாரம் வரை நேரம் கொடுத்தேன், விற்காமல் ஒதுக்கிப்போட்ட நண்டுகளை அளந்து வந்தான். அந்தப் பத்தில் ஒன்பது சின்னது. ‘எல்லாமே சின்னதாக இருக்கே, நம்ம கடல் நண்டே இவ்வளவுதானா?’ என்பது அவன் எழுதிய கேள்வி. மாதிரி எடுக்கிற இடம் முடிவை எப்படி வளைக்கும் என்று அரைமணி நேரம் பாடம் நடத்த அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. இரண்டுக்கு இரண்டு போட்டேன்.

மார்க் விரிந்ததா என்றால், விரிந்தது. பத்துக்கு மூன்று வாங்கியவர்களும் இருந்தார்கள், பத்து வாங்கியவர்களும் இருந்தார்கள். மூன்று வாங்கியவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று துறைக்குள் ஒரு பேச்சு ஓடியது. கடலோரத்துப் பிள்ளைக்குச் சாதகமான கேள்வி, கமுதி பக்கத்திலிருந்து வருகிறவன் நண்டுக்கு எங்கே போவான் என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். அதில் உண்மை இருக்கிறது. பச்சை மூடி பாட்டில் யாருக்குச் சாதகம் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை, சண்டையாகிவிடும். பதிலுக்கு இந்த வருஷம் இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்று நண்டு. இன்னொன்று கண்மாய்க்கரை நத்தை: பத்து நத்தை, ஓட்டின் உயரம், வாய்ப்பக்கம் மூடி உண்டா இல்லையா, எந்தச் செடியில் அல்லது எந்த ஆழத்தில் இருந்தது. அதே பத்து மார்க், அதே பிரிவு. எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்பாட்டர் பாட்டில்களின் மூடியை எல்லாம் வெள்ளையாக மாற்றச் சொல்லி லேப் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். கீறலுக்கு என்ன செய்வது என்று அவர் கேட்டார்.